ஹெல்வி லாக்சோ நலமா?

ரீனோ, நெவாடா
ஜூன் 7

அன்புள்ள தார்யா அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் வெஸ் அத்தானும் கைசாவும் எப்படி இருக்கிறீர்கள்? கைசா உன் தோளைத் தாண்டியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

தாளில் கடிதம் பார்த்துச் சிரிப்பாய். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கணினியில் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, போனை எடுத்தாலே கண் எரிகிறது. உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நீயும் தாளிலேயே எழுது. உனக்கும் அது பிடிக்கும்.

ஹெல்வி லாக்சோ நம் தொகுதியில் காங்கிரஸ் அவைக்கு நிற்கிறாராமே? பள்ளி வராந்தாவில் என்னை எத்தனை தடவை நிற்க வைத்த தலைமையாசிரியர்! இப்போது ஊர் ஊராக அவர் நின்று பேசுகிறார் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். எப்படி இருக்கிறார்? அந்த வயதில் உடம்பு இவ்வளவு அலைச்சலைத் தாங்குமா?

எல்லோருக்கும் என் அன்பு.
ஏரோ

•

கிவிலா, மிச்சிகன்
ஜூன் 15

அன்புள்ள ஏரோ,

உன் கடிதத்தைக் கைசா தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, "அம்மா, மாமா ஜெயிலுக்கா போயிட்டார்? பேப்பர்ல எழுதியிருக்கார்" என்றாள். நான் இரண்டு முறை வாசித்தேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கருப்பு ஈக்கள் கடித்துக் காதெல்லாம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹெல்விக்காக நான் வீடு வீடாகப் போகிறேன். உயிரியல் வாத்தியார் என்பதால் எவர் வாசலில் எந்த நாய் கடிக்கும் என்று எனக்குத்தான் தெரியுமாம். அவர் ஜெயிப்பார் போலத்தான் இருக்கிறது. தெற்குப் பக்கத்து ஊர்களில்கூட இவர் பெயர்ப்பலகை முளைத்திருக்கிறது.

சனிக்கிழமை வழக்கம்போல ஹெல்வியின் ஏரிக்கரை சவுனாவில், அந்தச் சின்ன நீராவிக் குளியலறையில், மூன்று பேர்: அவர், நான், வெஸ்ஸின் அத்தை சென்யா. சென்யா அத்தையை உனக்குத் தெரியுமே, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவதற்குள் மூன்று குடும்பத்துக் கதையை முடித்துவிடுவார். அன்று ஹெல்வி துண்டை எடுத்தபோது அவர் பேச்சு நின்றுவிட்டது. ஹெல்வியின் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு மேடு. மேலே புதுத் தழும்பு. அது புற்றுநோய் மருந்து ஏற்ற வைப்பது என்று எனக்குத் தெரியும். சென்யா அத்தைக்கும் தெரியும், அவர் கணவருக்கு அதே இடத்தில் இருந்தது.

அத்தை தண்ணீரை ஊற்றினார். ஆவி எழுந்து எங்கள் முகங்களை மறைத்தது.

சவுனாவில் கண்டதும் கேட்டதும் கதவுக்கு வெளியே போகக்கூடாது. உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் நீ இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறாய். உன்னிடம் சொல்வது சொன்ன கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். ஜெபத்தில் அவரை நினைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.
தார்யா

•

ரீனோ
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அப்படியே தொடரட்டும்.

ஹெல்வி அக்காவைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தழும்பு எவ்வளவு புதிது? சிவப்பாக இருந்ததா, வெளுத்துவிட்டதா? முடி கொட்டுகிறதா? சாப்பிடுகிறாரா? சிகிச்சை எங்கே, எந்தக் கிழமைகளில்? நம் அம்மாவுக்கு நடந்ததால் கேட்கிறேன். உனக்குப் புரியும்.

இதையெல்லாம் போனில் அனுப்பாதே. போனில் போனது எங்கேயோ தங்கிவிடுகிறது. தாளே நல்லது.

வெஸ் அத்தானுக்கு ஒரு படகு மோட்டார் அனுப்பியிருக்கிறேன். பழையது இருமிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. மறுக்க வேண்டாம். இந்த மாதம் எங்களுக்கு நல்ல மாதம்.

ஏரோ

•

கிவிலா
ஜூலை 19

அன்புள்ள ஏரோ,

நாங்கள் நலம். மோட்டார் வந்தது. வெஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "உன் தம்பி யாரைக் கொன்னுட்டு இதை வாங்கினான்?" என்று கேட்டார். நன்றி சொல்லச் சொன்னார்.

உன் கவலை தீரவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் ஹெல்வி முழுத் தூரமும் நடந்தார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஓரத்திலிருந்து, "மேடம், கால் வலிக்குதா? வீட்டுக்குப் போய் ரொட்டி சுடுங்க!" என்று கத்தினார். ஹெல்வி நின்று, "கார்ல், உன்னை ஆறாம் வகுப்புல ரெண்டு தடவை ஃபெயில் போட்டதே நான்தான். மூணாவது தடவையும் என்கிட்ட வராதே" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கார்லும் சிரித்துவிட்டார்.

அன்று மாலை என் காரில் ஏறியதும் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவராகவே சொன்னார்.

"நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"மார்க்வெட் ஆஸ்பத்திரியில ஒண்ணு விட்டு ஒரு வியாழக்கிழமை. பாதி முடிஞ்சுது. டாக்டர் நம்பிக்கையாத்தான் பேசறார். ஆகஸ்ட் கடைசியில அன்னிகா கப்பல்லேர்ந்து லீவுல வர்றா. முதல்ல என் பொண்ணு முகத்தைப் பாத்துச் சொல்லணும். அப்புறம் ஊருக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் இது என்னோடது, தார்யா."

முடி மெலிந்திருக்கிறது, கொட்டவில்லை. போதுமா? இனி இதைப் பற்றிக் கேட்காதே.

தார்யா

•

கிவிலா
ஆகஸ்ட் 8

ஏரோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் வெஸ் தன் போனை என் முன்னால் நீட்டினார். "இங்க பாரு, நம்ம ஹெல்வியைச் சந்தையில வச்சு விக்கிறாங்க." கணிப்புச் சந்தையாம். ஹெல்வி ஜெயிப்பார் என்று ஒரு சீட்டு, தோற்பார் என்று ஒரு சீட்டு. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. நம்பிக்கை கூடக் கூட விலை ஏறும். வசந்தகாலத்திலிருந்து ஏறிக்கொண்டே வந்த ஹெல்வியின் கோடு ஜூன் கடைசியில் கிணற்றில் விழுந்ததுபோல விழுந்திருக்கிறது. அந்த வாரம் இங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பேச்சு இல்லை, ஒரு செய்தி இல்லை. என் கடிதம் உன் கைக்கு வந்திருக்கக்கூடிய வாரம் என்பது தவிர.

அந்தச் சரிவைப் பார்த்துத்தான் டெட்ராய்ட்டிலிருந்து ஒரு நிருபர் வந்தார். யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது என்று தோண்டினார். வியாழக்கிழமை மார்க்வெட்டில் வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்வியின் முன்னால் ஒலிவாங்கியை நீட்டினார். ஹெல்விக்குப் பொய் சொல்ல வராது. அங்கேயே நின்று சொல்லிவிட்டார்.

அன்னிகாவுக்குக் கப்பலில் யாரோ ஒருவன் செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

சனிக்கிழமை சவுனாவில் அடுப்பு மூட்டவில்லை. ஹெல்வி வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு சென்யா அத்தையை மட்டும் பார்த்தார். "நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்" என்றார்.

ஒரே ஒரு கேள்வி. நீயா?

தார்யா

•

ரீனோ
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

நீ கோபமாக இருக்கிறாய். ஆனாலும் நலமாக இரு.

நான்தான். அதில் தப்பு எங்கே என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நான் யாரையும் தொடவில்லை. ஒரு சீட்டை வாங்கினேன், ஒரு சீட்டை விற்றேன். நோயை நான் கொடுக்கவில்லை. நிருபரை நான் அனுப்பவில்லை. மழை வரும் என்று தெரிந்தவன் குடை வாங்கி வைக்கிறான், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல். நோயைப் பற்றித் தெரிந்ததும் விலை இன்னும் விழும் என்று நினைத்தோம். விழவில்லை. ஹெல்வி அக்கா பேசிய விதம் மக்களுக்குப் பிடித்துவிட்டது. கோடு ஏறுகிறது. நாங்களோ தோற்பார் என்ற பக்கத்தில் கழுத்தளவு நிற்கிறோம். அதில் என் பணம் கொஞ்சம்தான். என் கூட்டாளி கோரியும் அவர் ஆட்களும் என் பேச்சை நம்பிப் போட்டது மீதி. எனக்கு அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

அக்டோபரில் ஸ்கேன் இருக்குமே? அது எப்படி வருகிறது என்பது மட்டும் போதும்.

ஹெல்வி அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

ஏரோ

•

கிவிலா
செப்டம்பர் 6

ஏரோ,

இனி எழுதாதே. மோட்டாரை வெஸ் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். ஏன் என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மோட்டார் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்.

தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது சென்யா அத்தை பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஏலக்காய் ரொட்டித் தட்டுகூட அவரைத் தாண்டிப் போனது. நான் போய் உட்கார்ந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வாயாடிதான்டி, ஊருக்கே தெரியும். என் புருஷன் சாகக் கிடந்தப்பகூட ஜோக் அடிச்சேன். ஆனா சவுனாக்குள்ள பாத்ததை வெளிய சொல்றதுக்கு எனக்கு என்ன பைத்தியமா? நீயாவது நம்பறியா?"

"நம்பறேன் அத்தை."

"ஹெல்வி நம்பமாட்டேங்கறாளே. எழுபது வருஷம் இந்த ஏரியில குளிச்சவ நான். இப்ப ஒருத்தியும் கூப்பிடல."

நான் காப்பியைக் குடித்தேன். அது வரைக்கும்தான் என்னால் முடிந்தது.

தார்யா

•

ரீனோ
செப்டம்பர் 21

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியுமானால் இருந்திருப்பேன்.

கோரி உன் கடிதங்களைப் பார்த்துவிட்டார். மேசை டிராயரில் வைத்திருந்தேன். கோபப்படவில்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேசையில் சாவதானமாக, "உன் அக்கா பொண்ணு என்ன படிக்கறா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "பத்தாவது. ஓட்டப்பந்தயத்துல சேர்ந்திருக்கா. சாயங்காலம் ஏரி ரோட்டுல தனியாத்தான் ஓடுவா போல" என்றார். உப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்கா, ஒரு வரி போதும். அக்டோபர் ஸ்கேன் எடுத்ததும் நல்லபடி வந்ததா, இல்லையா என்று எழுது. அத்தோடு இது முடிந்துவிடும். நான் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

கைசாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.
ஏரோ

•

கிவிலா
அக்டோபர் 9

அன்புள்ள தம்பி ஏரோவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மேப்பிள் இலைகள் சிவந்து கொட்டிவிட்டன. முதல் பனி விழுந்து உருகியது.

ஹெல்வியை நானே காரில் மார்க்வெட்டுக்கு அழைத்துப் போனேன். முடிவு நல்லதாக இல்லை. ஈரலுக்குப் போய்விட்டதாம். திரும்பி வரும்போது பேசவே இல்லை. இந்த மாதக் கடைசியில் விலகிக்கொள்வதாகச் சொல்கிறார். தேர்தல் முடியும்வரை தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்வதில்லை என்று தீர்மானித்திருப்பதால் இது வேறு எவருக்கும் தெரியாது.

நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
தார்யா

•

ரீனோ
அக்டோபர் 20

அக்கா,

நன்றி. எல்லாப் பணத்தையும் தோற்பார் பக்கமே போட்டுவிட்டோம். கோரி அவர் மச்சினனிடமும் வாங்கிப் போட்டிருக்கிறார். இன்றைக்கு என் தோளில் தட்டி, "உன் அக்கா தங்கம்" என்றார். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கைசாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

ஹெல்வி அக்காவுக்கு வலி அதிகம் இல்லாமல் இருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன்.

ஏரோ

•

கிவிலா
நவம்பர் 8

ஏரோ,

நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஹெல்வி ஜெயித்தது உனக்கு என்னைவிட முன்னால் தெரிந்திருக்கும். ஸ்கேன் சுத்தமாக வந்தது. மார்க்வெட்டிலிருந்து திரும்பும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு பேஸ்டி ரொட்டியை முழுசாகத் தின்றார், சட்டையெல்லாம் சிதற. நான் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உனக்கு அப்படி எழுதினேன்.

அதற்கு முன் ஷெரிப் அலுவலகத்துக்குப் போனேன் என்பது உனக்குத் தெரியாது. உன் செப்டம்பர் கடிதத்தை அங்கே ஒரு இளம் அதிகாரியிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். "மேடம், இதுல மிரட்டல் எங்க இருக்கு? பொண்ணு என்ன படிக்கறானு கேட்டிருக்கார். ஜாக்கிரதையாப் பாத்துக்கோனு உங்க தம்பி எழுதியிருக்கார். நல்ல தம்பிதானே? நலம் விசாரிச்சதுக்கு நான் யாரைப் பிடிக்கறது?" என்றார். கடிதத்தை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதனால் என்னிடம் இருந்த ஒன்றைக்கொண்டு அடித்தேன். அவர்கள் என் வார்த்தையை நம்பினார்கள். ஒரு முறை பொய்த்துவிட்டால் பிறகு நம்பமாட்டார்கள், நம்பாத வார்த்தைக்கு யாரும் தேடி வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் நீயும் இருந்தாய். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் உறையை ஒட்டினேன். இதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று சனிக்கிழமை. சென்யா அத்தையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஹெல்வியின் சவுனாவுக்குப் போனேன். மூன்று பேரும் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும்.

அத்தை எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டார். "காப்பி மேசையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியேடி" என்றார். கதவைச் சாத்தாமலே போய்விட்டார். குளிர் உள்ளே வந்தது.

ஹெல்வி எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்: "அந்தப் பொய்யை எனக்காக எழுதினியா, உனக்காகவா?"

"கைசாவுக்காக."

"தோத்துட்டா விட்டுடுவாங்கனு உனக்கு யார் சொன்னா? தோத்தவன்தான் தார்யா மறுபடி சூதாட்ட மேசைக்கு வருவான்."

ஏரோ, இருப்பதை விட்டுவிட்டுப் புறப்பட்டு வா. மாடி அறை காலியாக இருக்கிறது. வெஸ்ஸிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வரட்டும் என்றார். போனில் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். மணி மட்டும் அடிக்கிறது.

தார்யா

•

ரீனோ, நெவாடா
டிசம்பர் 3

மதிப்பிற்குரிய தார்யா அம்மையாருக்கு,

தாங்களும் தங்கள் கணவரும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அங்கே இடுப்பளவு பனி என்று செய்தியில் பார்த்தோம். அப்படியிருந்தும் கைசா ஓட்டப் பயிற்சியை விடவில்லை என்பது பாராட்டத் தக்கது.

தாங்கள் நவம்பரில் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. ஏரோ தற்சமயம் வாசிக்கும் நிலையில் இல்லாததால் நாங்களே வாசித்துக் காட்டினோம். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் பொறுப்பில்தான் இருப்பார்.

தங்கள் மற்ற கடிதங்களையும் முதலிலிருந்து படித்தோம். அக்டோபர் கடிதம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே உண்மை என்பதைக் கவனித்தோம். உண்மை எழுதும்போது தாங்கள் ஆட்களைப் பேச வைக்கிறீர்கள். பொய் எழுதும்போது ஒருவரும் பேசுவதில்லை. இனி எங்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆகவே பழையதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனவரியில் ஹெல்வி லாக்சோ பதவியேற்கிறார். அவர் பதவிக்காலத்தை முழுதாக முடிப்பாரா என்று சந்தையில் புதிதாக ஒரு சீட்டு வந்திருக்கிறது. இந்த முறை அவசரம் இல்லை, இரண்டு வருடம் இருக்கிறது. மாதம் ஒரு கடிதம் போதும். சனிக்கிழமை சவுனா முடிந்ததும் எழுதினால் வசதியாக இருக்கும். தாங்கள் மறுபடி அழைக்கப்படுவீர்கள் என்றே நம்புகிறோம்.

ஹெல்வி அம்மையார் எப்படி இருக்கிறார்? நன்றாகச் சாப்பிடுகிறாரா?

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கள் குடும்பத்தின் நலம் நாடும் நண்பர்கள்